வெள்ளிக்கிழமைகளில் குளித்த கணினிகள்

உறையைத் திறந்ததும் முதலில் வந்தது பூச்சி உருண்டை மணம். உள்ளே இருந்த சீடி இறுவட்டுகளைப் பூச்சி அரிக்காது என்பது எனக்குத் தெரியும். அப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கும். இருந்தும் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒவ்வோர் உருண்டையைப் போட்டு, மேலே மாதமும் வருஷமும் எழுதி, அலுமாரியின் கீழ்த்தட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன். உருண்டைகள் கரைந்து மிளகளவாகிவிட்டன. மணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

என்னை அந்த அலுமாரிக்கு அனுப்பியவர் சுகந்தி. வெல்லாவெளியில் முன்பள்ளி ஆசிரியை. நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு வேறு ஏதோ காரியமாக வந்தவர், என் மேசைக்கு முன்னால் நின்று தலையைச் சரித்துப் பார்த்தார்.

"சேர், களுவாஞ்சிக்குடியில எங்களுக்கு மவுஸ் பிடிக்கப் பழக்கின நீங்கதானே?"

"ஓம்."

"அப்ப நல்லா மெலிஞ்சு இருந்தீங்க" என்றார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். ஆறு மாதக் கணினி வகுப்பு முடித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்களாம். "சேட்டிபிக்கட் வெள்ளத்தில போயிட்டு. உங்களிட்டக் கொப்பி இருக்கும் எண்டு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒண்டையும் எறியமாட்டீங்களாமே?"

எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. எறியமாட்டேன் என்பது உண்மை. ஆனால் அந்த உறைகளை இத்தனை வருஷமாக நான் தொடவில்லை. அதற்குக் காரணம் நாஸர். அந்த வட்டுகளில் இருந்த வேலையில் பாதி அவனுடையது. ஒரே வகுப்பறையில் மூன்று வருஷம் என்னோடு வேலை செய்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டாருக்குப் போனவன். ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியை வைத்துக்கொண்டு நான் நடு வயதைக் கடந்துவிட்டேன். நீங்கள் சிரிக்கலாம். நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இதுதான் கெடுதி. மற்றவர்களுக்குத் தானாக மங்கிப்போவது எங்களுக்குத் தேதியோடு நிற்கும்.

களுவாஞ்சிக்குடியில் அந்தக் கணினிப் பயிற்சி நிலையம் ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பத்துக் கணினிகள், இரண்டு மின்விசிறிகள், ஒரு குளிரூட்டி. குளிரூட்டி சேர் வரும்போது மட்டும் வேலை செய்யும். சேர் என்றால் நிலையத்தின் சொந்தக்காரர். நான் ஆய்வுகூட உதவியாளன், நாஸர் தட்டெழுத்தும் அலுவலக மென்பொருளும் படிப்பிப்பவன். காத்தான்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வருவான். குருக்கள்மடத்தில் நான் ஏறும்போது எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். இடம் பிடிப்பது என்றால் கைக்குட்டை போடுவதல்ல. பக்கத்தில் யாராவது உட்கார வந்தால், "தம்பிக்கு வாந்தி வாற, பார்த்து இருங்க" என்று தன்னையே காட்டிச் சொல்வான். ஒருவரும் உட்காரமாட்டார்கள்.

எனக்கு அவன் வைத்த பெயர் விதானையார். கிராமத்தில் யார் பிறந்தார், யார் செத்தார் என்று கொப்பியில் பதிகிற விதானையாரைப் போல நான் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். எந்த நாள் எது பழுதானது, யார் இருந்தார், என்ன செய்தேன் எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாள் நாலாம் இலக்கக் கொப்பியை எடுத்து வகுப்புக்கு முன்னால் உரத்து வாசித்தான். "பிற்பகல் இரண்டு பத்து. விசைப்பலகையில் எறும்பு. அகற்றப்பட்டது." மாணவர்கள் சிரித்து முடிந்ததும், "எறும்பிட பேர் எழுதல்லயே விதானையார்?" என்றான்.

எறும்பு கூடப் பரவாயில்லை. மாணவர்கள்தான் பெரிய தொல்லை. ஒரு வாரத்தில் ஒரு கணினியை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுவார்கள். நடிகைகளின் படங்கள், விளையாட்டுகள், வைரஸ், காணாமல்போன ஐகன்கள். இதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். சுத்தமான ஒரு கணினியின் வன்வட்டை, அதில் இருக்கிற எல்லாவற்றோடும், வெற்றிடம் உட்பட, அப்படியே ஒரே கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வது. வட்டுப் படிமம் என்பார்கள். நாங்கள் அச்சு என்று சொன்னோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பு இல்லை. நாஸர் பதினொரு மணிக்கே ஜும்ஆத் தொழுகைக்காக ஊர் பஸ் ஏறிவிடுவான். நான் தனியாக இருந்து, ஒவ்வொரு கணினியாக ஒரு தொடக்க வட்டைப் போட்டு எழுப்பி, வாரம் முழுக்கச் சேர்ந்ததை அழித்து, அந்தச் சுத்தமான அச்சை மேலே ஊற்றுவேன். சனிக்கிழமை காலை அவை அன்றுதான் பிறந்தவை போல இருக்கும்.

"எங்கட ஊர்ல வெள்ளிக்கிழமை மனிசர் குளிப்பாங்க. இஞ்ச மெசினுகள் குளிக்கிது" என்பான் நாஸர்.

முதலாம் இலக்கக் கணினி மட்டும் விலக்கு. அது ஆசிரியர் மேசையில் இருந்தது, பரீட்சைப் புள்ளிப் பட்டியல்கள் அதில்தான். அதை மாதத்தின் கடைசி வெள்ளி மட்டும் குளிப்பாட்டுவேன், அதுவும் முதலில் அதன் நிலையை முழு அச்சாக எடுத்து, துண்டுகளாக்கி, மூன்று இறுவட்டுகளில் எழுதிய பிறகு. சரியாக எழுதப்பட்டதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, கொப்பியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டுக் கையெழுத்து வைப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கணினியை அதன் வழக்கமான திரைக்குக்கூட எழுப்புவதில்லை. தொடக்க வட்டு நேரே கறுப்புத் திரைக்குக் கொண்டுபோய்விடும். நேரம் மிச்சம் என்று நினைத்தேன்.

நாஸர் கட்டாருக்குப் போன அந்த மாதத்தில் எனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்தது. வாசல் படலையில் வேப்பிலை கட்டினால் வெளியார் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள், வீட்டு ஆட்களும் அநாவசியமாக வெளியே போவதில்லை. பத்தொன்பது நாள் பாயில் கிடந்தேன். அம்மாவைத் தவிர ஒருவரின் குரலையும் கேட்கவில்லை. மூன்றாம் தண்ணீர் வார்த்த மறுநாள், அது மாதத்தின் கடைசி வெள்ளி, வேலைக்குப் போனேன். பஸ்ஸில் நாஸர் இல்லை. வெள்ளிதானே, லீவு போட்டிருப்பான் என்று எண்ணிக்கொண்டேன். சேர் படியில் எதிர்ப்பட்டார்.

"உன்ட கூட்டாளி வேலைய விட்டுட்டான். கட்டாருக்குப் போறானாம்."

"எப்ப சேர்?"

"எனக்கென்ன தெரியும்? நேத்தோட நிண்டுட்டான். ஏன், உனக்கும் சொல்லல்லயா?"

அந்த 'உனக்கும்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மேலே போனேன். பத்துக் கணினிகளையும் பார்த்தேன். படிப்பிக்க ஆள் இல்லாததால் காலை வகுப்பும் இல்லை. மாதக் கடைசி ஆதலால் முதலாம் இலக்கத்தில் தொடங்கினேன். அச்சு எடுத்தேன், மூன்று வட்டில் எழுதினேன், சரிபார்த்தேன், அழித்தேன், புதிதை ஊற்றினேன். பிறகு மற்ற ஒன்பதும். அன்று வேலை வழக்கத்தைவிட நன்றாக நடந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அடுத்த வரி: 'நாஸர் சொல்லாமல் போகிறார்.' அவன் என்று கூட எழுதவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காத்தான்குடிக்கு ஒரு பஸ் எடுத்திருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வீடு தெரியாது, ஆனால் கேட்டால் காட்டுவார்கள். வேண்டுமென்றால் அவன் சொல்லியிருப்பான் என்று இருந்துவிட்டேன். சனி முழுவதும் வினாத்தாள் தட்டினேன்.

இனிச் சுகந்தியின் புள்ளிகளுக்கு வருகிறேன். அவருக்கு வேண்டிய பரீட்சை நடந்தது அந்த மாதத்தில்தான். எனவே எனக்கு வேண்டிய உறையும் அதுவே. என் மடிக்கணினியில் இறுவட்டுப் போடும் இடமே இல்லை. அலுவலகத்தில் ஒரு பழைய வெளி வாசிப்பானைக் கேட்டு வாங்கி வந்தேன். முதல் வட்டு ஓடியது. இரண்டாவது நாற்பது நிமிஷம் முனகியது. மூன்றாவதை மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டேன். மூன்று துண்டுகளும் ஒரே கோப்புறைக்குள் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றைத் திறப்பதற்கு அப்போது இருந்த மென்பொருள் இப்போது இல்லை.

உதவிக்கு வந்தது கட்டளை வரியில் ஓடுகிற ஒரு சின்னக் கருவி. திறந்த மூலம். யாரோ ஒருவர் எங்கோ இருந்து எழுதி, அதன் உட்புறத்தையும் யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார். பொத்தான் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் கருவியின் பெயரைத் தட்டி, ஓர் எழுத்தைத் தட்டி, முதல் துண்டின் பெயரைக் கொடுத்தால் போதும். மீதித் துண்டுகளைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். 'டி' தட்டினால் பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கும். 'எல்' தட்டினால் உள்ளே இருப்பதைப் பட்டியலிடும். 'எக்ஸ்' தட்டினால் பிரித்து எடுத்துத் தரும், கோப்புறைகள் இருந்த ஒழுங்கு கெடாமல். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கேட்டதைச் செய்யும், கேட்காத ஒன்றையும் சொல்லாது.

சோதித்தேன். எல்லாம் சரி என்று வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைப் பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது, சொன்னால் என்ன. அந்தச் சந்தோஷத்தில் 'எக்ஸ்' தட்ட வேண்டிய இடத்தில் 'ஈ' தட்டிவிட்டேன்.

'ஈ'யும் பிரித்து எடுக்கும். ஆனால் கோப்புறைகளைக் கணக்கெடுக்காது. நூறு அறைகளில் இருப்பதை எல்லாம் தூக்கி முற்றத்தில் ஒரே குவியலாகக் கொட்டிவிடும். ஒரே பெயரில் இரண்டு வந்தால் என்ன செய்ய என்று அது ஒருமுறை கேட்டது, நானும் பெயரை மாற்றிப் போடு என்று அவசரத்தில் பதில் சொல்லி, தேத்தண்ணி வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான கோப்புகள் அகரவரிசையில் கிடக்கின்றன. எனக்கு வியர்த்துவிட்டது. என்னை அறிந்தவர்களுக்கு இது புரியும். அழித்துவிட்டு மறுபடி ஒழுங்காகப் பிரிக்கலாம் என்று கடைசிவரை உருட்டிக்கொண்டு போனேன், எத்தனை என்று குறித்துக்கொள்வதற்காக.

கடைசிக்குக் கிட்ட, ஆங்கில எழுத்தில் 'விதானை' என்று ஒரு கோப்பு இருந்தது.

உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஆள் ஒருவன்தான். கோப்பின் தேதி நான் வேலைக்குத் திரும்பியதற்கு முதல்நாள், வியாழக்கிழமை, பிற்பகல் நாலு மணி ஐந்து நிமிஷம். சரியாக 'எக்ஸ்' தட்டியிருந்தால் நான் நேரே புள்ளிப் பட்டியல் கோப்புறைக்குப் போயிருப்பேன். முகப்புத் திரையில் கிடந்த இதைக் கண்டிருக்கவே மாட்டேன்.

திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு பக்கம் முழுக்கக் குப்பை. எனக்குச் சிரிப்பு வந்தது. அது அந்தக் காலத்துப் பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். மாற்றித் தருகிற தளங்கள் இருக்கின்றன. ஆனால் இதை வேறொரு இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. விசைப்பலகையில் விரல்களை வைத்தேன். 'எம்' என்றால் அ. 'கே' என்றால் ம. அரைப்புள்ளி வந்தால் மேலே ஒரு குற்று, மெய்யெழுத்தின் புள்ளி. இதை எனக்குப் பழக்கியவனும் நாஸர்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட விரல்களுக்குள் தமிழ் வந்தது. வாய் அதைச் சொல்லியது. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் உரத்தே சொன்னேன்.

"விதானையார், மூஞ்சில தழும்பு நிக்குதா? பொண்ணு பாக்கிற நேரத்தில உனக்கு இது தேவையா? மச்சான், எனக்கு விசா வந்துட்டு. ஞாயிறு விடியக் கொழும்பு பஸ். உன்ட ஊட்ட வந்தன். படலையில வேப்பிலையக் கண்டுட்டுத் திரும்பிட்டன், எனக்கும் கொப்புளிச்சா மெடிக்கல்ல விடமாட்டானுகள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எண்டா நீ எப்படியும் வருவாய் எண்டு தெரியும், வந்ததும் இந்த மெசினிலதான் இருப்பாய். சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு ஊட்ட வா. கோழிதான், மாடில்ல, உம்மாட்டச் சொல்லிட்டன். சேருக்குச் சொல்லாத, அவரக் கூப்பிடல்ல. மெயின் றோட்டில இறங்கிக் கடற்கரைப் பக்கம் மூணாவது ஒழுங்கை, ஜம்பு மரம் நிக்கிற ஊடு. வராம விட்டாய் எண்டா உனக்கு இருக்கு."

மூன்று தரம் வாசித்தேன். வந்ததும் அந்தக் கணினியில்தான் இருந்தேன், நாஸர் சரியாகத்தான் கணித்திருக்கிறான். நான் திரையை எழுப்பவில்லை, அவ்வளவுதான். அவன் எழுதியதை அச்சில் எடுத்து, வட்டில் எழுதி, சரிபார்த்துக் கையெழுத்து வைத்து, பிறகு என் கையாலேயே அழித்திருக்கிறேன்.

சுகந்திக்கு எழுபத்தொரு புள்ளி. அதைக் கடிதமாக்கி மறுநாளே அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காத்தான்குடிக்குப் பஸ் ஏறினேன்.

கடற்கரைப் பக்கம் மூன்றாவது ஒழுங்கை அப்படியே இருந்தது. ஜம்பு மரம் இல்லை. மாடி வீடுகள் தோளோடு தோள் நின்றன. இருமுறை மேலும் கீழும் நடந்தேன். மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரத் தேடுறீங்க?"

"நாஸர். முந்தி களுவாஞ்சிக்குடியில கொம்பியூட்டர் படிப்பிச்சவர். ஜம்பு மரம் நிண்ட வீடு."

"ஜம்பு மரமா? அது நான் சின்னப் புள்ளையா இருக்கக்குள்ளயே தறிச்சிட்டாங்களே. நாஸர் மாமாட ஊடு இதுதான். உள்ளுக்கு வாங்க, இருங்க. மாமா இன்னும் கட்டார்லதான்."

கேட்காமலே கைபேசியை எடுத்து அழைத்துவிட்டார். திரையில் நரைத்த தாடியோடு ஒரு முகம் வந்தது. பின்னால் ஒரு வெள்ளைச் சுவர்.

"மாமா, உங்களத் தேடி ஒரு சேர் வந்திருக்கார்."

"ஆரு?"

"நான்தான் நாஸர்" என்றேன். அது போதாதென்று தெரிந்தது. "விதானை."

"டேய்!" என்றான். அந்த ஒரு சத்தம் மாறவில்லை. "விதானையார்! எறும்பு பிடிச்சது எல்லாம் எழுதி வெச்சிருக்கியா இன்னும்?"

நான் கோப்பைப் பற்றிச் சொன்னேன். அச்சு, மூன்று வட்டு, 'ஈ' தட்டியது எல்லாம் வரிசையாகச் சொன்னேன், இடையில் வெட்டிவிடுவானோ என்ற பயத்தில் வேகமாக.

"நான் அப்படி எழுதி வெச்சனா?" என்றான். யோசித்தான். "ஓம் ஓம், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டன். நீ வரல்ல."

"காணல்ல மச்சான். நான் காணவே இல்ல."

"சுகமாகல்ல போல எண்டு நினைச்சன். உம்மாவும் அதான் சொன்னா. புள்ளைக்குக் கொப்புளிப்பான் ஆறல்ல போல, சோத்த மூடி வெய்யிங்க, பின்னேரம் வந்தாலும் வருவான் எண்டு."

"மறுகா?"

"மறுகா என்ன, நீ வராத புறகு ராவைக்கு நாங்க திண்டுட்டம்." சிரித்தான். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தான். "ஏன்டா, நீ கோவிச்சுக்கிட்டா இருந்தாய்?"

"சேச்சே" என்றேன்.

நாட்குறிப்பில் பொய் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன், ஆகவே அன்றிரவு இதை எழுதினேன்: 'கோபிக்கவில்லை என்று சொன்னேன்.'

அவனுக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது. லீவில் வந்தால் சந்திப்போம் என்றான், நம்பரை வாங்கிக்கொண்டான். ஐந்து நிமிஷம் இருக்கும். ஒரே நாளில் இரண்டு பேருக்கு ஒரே மௌனம் கிடைத்தது. அவன் அதற்கு ஒரு நல்ல காரணத்தைத் தானே போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, விமானம் ஏறிப் போய்விட்டான். எனக்கு ஏன் அப்படி ஒரு காரணமும் தோன்றவில்லை என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரு தாய் அன்று ஒரு பிற்பகல் முழுக்கச் சோற்றை மூடி வைத்திருக்கிறார், நான் குடியிருந்த ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில். நான் வினாத்தாள் தட்டிக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைவு வந்தபோது பஸ் ஆரையம்பதியைத் தாண்டிவிட்டது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாஸரிடமிருந்து ஒரு படம் வரும், பூக்களும் வாழ்த்தும் போட்டு. அவனுடைய பட்டியலில் உள்ள எல்லாருக்கும் போகிற படம். நானும் பதிலுக்குக் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்புகிறேன். அதற்கு மேல் எழுத இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

இரும்புக் கடை இருந்த கட்டடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். மேல்மாடிக்குப் போகிற படியை அடைத்துவிட்டார்கள். சேர் வெளிநாட்டில். அம்மா போய் ஆறு வருஷம். இவை எல்லாம் ஒவ்வொன்றாக, எனக்குத் தெரியத் தெரியத்தான் இல்லாமல் போயின. ஆனால் இந்தக் கடைசி ஒன்று போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வேலை விட்டு வந்து, தேத்தண்ணியோடு பின்விறாந்தையில் இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டு, மனதுக்குள் நாஸரோடு தர்க்கப்படுவது என் பழக்கமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்பேன். அவன் ஏதாவது சொல்வான். நான் மறுத்துச் சொல்வேன். இருட்டிவிடும், விளக்குப் போட எழும்புவேன்.

இப்போது அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை. தேத்தண்ணி மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.